இருளைச் சுரண்டிய ஒளி

அடுப்பில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தை உணர்பவர், அதை வெட்டியெடுத்தவரின் முகத்தை அறிவதில்லை. உழைப்பின் பயன் ஊரை வந்தடைகிறது. உழைத்தவரோ மண்ணுக்கடியில் மறைந்துபோகிறார். அம்மறைவை நீக்கிய பெருமை, 1930களில் அமெரிக்காவில் வாழ்ந்த அச்சோவியக் கலைஞர்களுக்கு உண்டு.

பெரும் பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டிய காலம் அது. 1936இல் குகன்ஹைம் நல்கை பெற்ற ஹாரி ஸ்டெர்ன்பெர்க், பென்சில்வேனியாவின் சுரங்க ஊர்களுக்குச் சென்று தொழிலாளர் வாழ்வை நேரில் கண்டு வரைந்தார். வேலையற்ற கலைஞர்களுக்கு ஊதியம் வழங்க 1935இல் அரசு தொடங்கிய கலைத்திட்டத்தின்கீழ், பிலடெல்பியாவில் ஓர் அச்சுப் பட்டறை இயங்கியது. அங்கே 1937இல், கறுப்பினக் கலைஞரான டாக்ஸ் திராஷ், ஹியூ மெசிபோவ், மைக்கேல் கேலகர் ஆகியோருடன் சேர்ந்து புதியதொரு முறையைக் கண்டறிந்தார். சுரங்க நகரான ஸ்கிராண்டனில் பிறந்த கேலகர், அம்முறையில் 'லாக்கவானா பள்ளத்தாக்கு' என்னும் ஓவியத்தைப் படைத்தார்.

அச்சுக்கல்லைத் தேய்க்கப் பயன்படும் கார்போரண்டம் என்னும் கடினமான பொடியால் செப்புத்தகட்டை அவர்கள் சொரசொரப்பாக்கினர். அத்தகட்டில் மை பூசி அச்சிட்டால் தாள் முழுதும் கருமையே படியும். பின்னர்த் தகட்டைச் சுரண்டி மெருகேற்றிய இடங்கள் மட்டும் வெளுத்துத் தெரியும். சுரங்கத் தொழிலாளி இருளைக் குடைவதுபோல், கலைஞரும் கருமையைச் சுரண்டியே உருவங்களை வெளிக்கொணர்ந்தார். கருப்பொருளுக்கு இத்துணைப் பொருந்திய கலைமுறை வேறொன்று இருத்தல் அரிது.

ஓவியம் கூலியை உயர்த்துமா, சரியும் சுரங்கக் கூரையைத் தாங்குமா எனச் சிலர் வினவலாம். தாங்காது என்பதே உண்மை. ஆயினும், கண்ணில் படாத துயருக்கு நீதி கேட்பார் எவரும் இரார். துயரைக் காணச் செய்வதே நீதிக்கு முதற்படி.

அப்பணிக்கு அச்சோவியம் மிக ஏற்றது. ஒரு தகட்டிலிருந்து பல படிகள் பிறக்கும். செல்வர் ஒருவரின் சுவரோடு அது முடங்குவதில்லை. அத்திட்டத்தின் படைப்புகள் பள்ளிகள், நூலகங்கள், மருத்துவமனைகள் போன்ற பொது நிறுவனங்களுக்கே அளிக்கப்பட்டன. இன்று அவற்றுட் பல அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. பாதுகாப்பு வேண்டியதே; ஆனால் பேழைக்குள் பூட்டப்பட்ட சான்று எவரிடம் பேசும்? அப்படிகள் மீண்டும் மக்கள் கூடும் இடங்களுக்கு வருதல் வேண்டும். தம் முன்னோர் எந்த இருளில் உழைத்தனர் என்பதைச் சுரங்க ஊர்ப் பிள்ளைகள், தம் பள்ளிச் சுவரிலேயே காணட்டும்.