கமராவும் தொழில்தான், நிறுவையை அறிந்து இறங்குவோம்



தரம் பத்து, பதினொன்றில் படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் "என்ன வேலைக்குப் போகப் போகிறீர்கள்?" என்று கேட்டால், ஆசிரியர், தாதி என்ற பதில்களோடு இப்போது "யூடியூப் செய்யப் போகிறேன்" என்ற பதிலும் வருகிறது. பெற்றோர் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். "போனை நோண்டிக்கிட்டு இருந்தா சோறு கிடைக்குமா?" என்கிறார்கள். பிள்ளைகளோ நாலு காணொளி போட்டால் காசு கொட்டும் என்று நம்புகிறார்கள். இரண்டுமே சரியில்லை. காணொளி எடுப்பதும் ஒரு தொழில்தான். எந்தத் தொழிலுக்கும் நிறுவை உண்டு, கழிவு உண்டு, சம்பள நாள் உண்டு. அவற்றைக் கேட்டறிந்துதான் இறங்க வேண்டும்.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலம் என்ற கிராமத்தில், சமையல் தொழில் தெரிந்த ஒரு தாத்தாவும் அவருடைய பேரப்பிள்ளைகளும் 2018இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்பதைத் தொடங்கினார்கள். தொலைக்காட்சிக்குப் போகாமல், வயல்வெளியிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சனல் அதுதான். நம்மில் பலர் அதைப் பார்த்திருப்போம். கவனிக்க வேண்டியவை இரண்டு. அவர்கள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையைத்தான் காட்டினார்கள். தனியாக அல்ல, கூட்டாகச் செய்தார்கள்.

நம்மிடம் காட்ட ஒன்றுமில்லையா? காமன் கூத்து இருக்கிறது. பொன்னர் சங்கர் இருக்கிறது. ரொட்டியும் சம்பலும் இருக்கிறது. எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது, எதை விடுவது என்று விரலாலேயே அறிந்த அம்மாமார் இருக்கிறார்கள். கொழும்பு ஊடகங்களுக்கு நாம் சம்பளப் பேச்சுவார்த்தை நேரத்திலும் மண் சரியும் நேரத்திலும்தான் நினைவுக்கு வருகிறோம். மற்ற நாட்களில் நம் கதையை நாமேதான் சொல்ல வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. கோ. நடேசய்யர் 1920களில் பத்திரிகை நடத்தினார். மீனாட்சி அம்மாள் தோட்டந்தோட்டமாகப் பாட்டுப் பாடி மக்களைத் திரட்டினார். மலையகத்தில் தொழிற்சங்கமும் சொந்த ஊடகமும் ஒன்றாகவே வளர்ந்தவை.

இனிப் பிள்ளைகளுக்கு. யூடியூப்பின் இப்போதைய விதிப்படி, விளம்பரக் காசு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, 12 மாதங்களுக்குள் மக்கள் உங்கள் காணொளிகளைப் பார்த்த நேரம் 4,000 மணித்தியாலங்கள் ஆக வேண்டும். அல்லது ஷார்ட்ஸ் எனப்படும் குறுங்காணொளிகள் 90 நாட்களில் ஒரு கோடித் தடவை பார்க்கப்பட வேண்டும். 4,000 மணித்தியாலம் என்றால் 240,000 நிமிடம். ஒருவர் நாலு நிமிடம் பார்க்கிறார் என்று வைத்தால், 60,000 தடவை பார்க்கப்பட வேண்டும். மலையில் கிலோ குறைந்தால் அரைப் பேராவது போடுகிறார்கள். இங்கே 3,900 மணித்தியாலம் வந்தாலும் விளம்பரக் காசில் அரைப் பேர்கூடக் கிடையாது.

எல்லையைத் தாண்டிய பிறகும் கழிவு உண்டு. சாதாரணக் காணொளியின் விளம்பர வருமானத்தில் 55 வீதம் நமக்கு, 45 வீதம் கம்பனிக்கு. ஷார்ட்ஸில் நம் பங்கு 45 வீதம். கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். 18 வயது ஆகாதவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலர் மூலமே பெறலாம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால், அந்த விளம்பரக் காசு பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடலாம். எந்தக் காணொளியை யாருக்குக் காட்டுவது என்று கம்பனியின் கணினியே தீர்மானிக்கிறது. மலையில் தராசையாவது கண்ணால் பார்க்கிறோம். இந்தத் தராசு நம் கண்ணுக்கே தெரியாது.

இன்னொன்று. தோட்டத்தில் பேர் பதிந்தவருக்குச் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால், கம்பனி 12 வீதம் போட்டுச் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். யூடியூப் யாருக்கும் சேமலாப நிதி கட்டுவதில்லை. ஆகவே சாதாரண தரத்தையோ உயர் தரத்தையோ விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள். படிப்போடு சேர்த்துப் பழகுங்கள். கமரா பிடிக்கவும், ஒலி சேர்க்கவும், வெட்டி ஒட்டவும் கற்ற கைக்குக் கல்யாண வீட்டிலும், சடங்கு வீட்டிலும், கடைக்காரரின் விளம்பரத்திலும் வேலை உண்டு. சனல் ஓடாவிட்டாலும் கற்றது கையில் இருக்கும்.

நம்மை மிகவும் வேதனைப்படுத்துவது வேறு ஒன்று. வெளியிலிருந்து வருபவர்கள் லயத்துக்குள் கமராவை நீட்டுகிறார்கள். அழும் தாயையும் அழுக்குச் சட்டைப் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு ஓர் அரிசிப் பொதியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அரிசி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். காணொளி அவர்களுக்கு வருடக்கணக்கில் உழைத்துக் கொடுக்கும். அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் தலை குனிந்து உட்காருகிறது. அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது நாங்கள்தான். உதவி வாங்குபவரின் முகத்தைக் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "எடுக்காதீங்க" என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. நம் பிள்ளைகளும் பார்வைகளுக்காக இந்தப் பிழைப்பில் இறங்கக்கூடாது.

சங்கம் செய்யக்கூடியவை சில உண்டு.

ஒவ்வொரு தோட்டத்திலும் ஆர்வமுள்ள ஐந்தாறு இளைஞர் யுவதிகளைக் கமிட்டி ஒரு குழுவாகச் சேர்க்கட்டும். போன் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, வெட்டி ஒட்டுவது மற்றொருவர் என்று வேலையைப் பிரிக்கலாம். சனல் யாருடைய பெயரில், கடவுச்சொல் யாரிடம், காசு வந்தால் எப்படிப் பங்கு என்பவற்றை முதல் நாளே எழுதிக் கையெழுத்திடுங்கள். பின்னால் வரும் சண்டை குறையும்.

வாசிகசாலையிலோ மண்டபத்திலோ பழகுவதற்கு இடமும் மின்சாரமும் கொடுங்கள். கேவலமான கருத்துகளும் மிரட்டல்களும் பெண் பிள்ளைகளைத்தான் முதலில் தாக்கும். அப்போது போனைப் பறிக்காமல், அந்தச் செய்திகளைப் படம் பிடித்துவைத்து மாதர் தலைவியிடம் காட்டச் சொல்லுங்கள்.

வேலைத்தலத்தில் நடக்கும் அநியாயத்தைப் படம் எடுத்தால், வெளியிடும் முன் தோட்டத் தலைவரிடம் பேசுங்கள். தனியாக வெளியிட்டால் தனியாகத்தான் விசாரணைக்குப் போக வேண்டி வரும். கமிட்டி முன்வந்து வெளியிட்டால் கமிட்டியே பதில் சொல்லும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகச் சேர்க்கும்படி தலைவர்களையும் தலைவிமாரையும் கேட்டுக்கொள்கிறோம். அன்று பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். தாங்கள் எடுத்த ஒரு காணொளியை அவர்கள் அங்கே போட்டுக் காட்டட்டும். திட்டுவதா, தட்டிக்கொடுப்பதா என்பதைப் பார்த்த பிறகு முடிவு செய்வோம்.