கோப்பு கிடைத்தது, அமைவு எங்கே?

2024 ஆகஸ்டில் கனடிய அறிபுனை எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர், வேர்ட்ஸ்டார் 7 மென்பொருளை அதன் கையேடுகளோடும் இன்றைய கணினியில் அதை இயக்குவதற்கான கருவிகளோடும் ஒரே தொகுப்பாக இணையத்தில் வைத்தார். டாஸ் காலத்து எழுத்துச் செயலி ஒன்று, முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், எவரும் இறக்கி இயக்கக்கூடிய நிலைக்கு வந்தது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் இந்தியப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் பல இந்த மென்பொருளில்தான் உருவாயின. அலமாரியில் பழைய நெகிழ்வட்டுகளை வைத்திருக்கும் துறைகளுக்கு இது நற்செய்தி. ஆனால் அந்த மகிழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது. வட்டில் இருக்கும் கோப்பு மட்டும் அந்த ஆய்வேடு ஆகிவிடுமா?

ஆகாது. வேர்ட்ஸ்டார் கோப்பு ஒன்றின் பொருளில் கணிசமான பகுதி அந்தக் கோப்பில் இருப்பதில்லை. அது மென்பொருளின் அமைவுகளில் இருந்தது. இந்தியாவில் அந்த அமைவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று ஏறத்தாழ எவரும் எண்ணவில்லை. இன்றும் எண்ணுவதாகத் தெரியவில்லை.

இன்றைய செயலிகள் பயனரின் விருப்பத் தேர்வுகளைத் தனிக் கோப்பிலோ பயனர் கணக்கிலோ எழுதிவைக்கின்றன. வேர்ட்ஸ்டாரின் வழி வேறு. 1987இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து ‘டபிள்யூஎஸ்சேஞ்ச்’ என்ற துணை நிரல் அதனோடு வழங்கப்பட்டது. திரை, அச்சுப்பொறி, கணினி, எழுத்துச் செயலி என்று பிரிந்த அதன் பட்டிகளுக்குள் நுழைந்து, தாளின் நீளம், ஓரங்கள், வரி இடைவெளி, வலது ஓரம் சீராக வேண்டுமா வேண்டாமா, திரையில் உதவிப் பட்டி எவ்வளவு தெரிய வேண்டும் என்பன போன்ற நூற்றுக்கணக்கான மதிப்புகளை மாற்றலாம். மாற்றி முடித்ததும் அவை முதன்மை நிரல் கோப்பான ‘டபிள்யூஎஸ்.எக்ஸி’யின் உள்ளேயே எழுதப்பட்டுவிடும். ஆக, ஓர் ஆய்வகக் கணினியில் இருந்த வேர்ட்ஸ்டார் அந்த ஆய்வகத்துக்கே உரிய வேர்ட்ஸ்டார். பக்கத்துத் துறையில் இருந்தது வேறொன்று.

அந்த நிரல் கணினியின் வன்தட்டில் இருந்தது. ஆய்வாளர் கையில் இருந்ததோ 360 கிலோபைட் கொள்ளளவுள்ள நெகிழ்வட்டு. அத்தனை சிறிய இடத்தில் இயல்களை மட்டுமே படியெடுத்துச் செல்வார்கள். சில ஆண்டுகளில் கணினி பழையதாகிக் கழிவுப்பொருள் பட்டியலில் சேர்ந்து ஏலம் போயிற்று. அமைவுகள் அதோடு போயின. உரையும் அமைவும் பிரிந்ததற்கு எவருடைய கவனக்குறைவும் காரணமில்லை. மென்பொருளின் கட்டமைப்பே அவற்றை இரு வேறு இடங்களில் வைத்திருந்தது.

இதனால் விளைவது என்ன என்பதற்குத் தாளின் நீளம் எளிய சான்று. வேர்ட்ஸ்டாரின் இயல்பமைவு அமெரிக்கத் தாளுக்கானது: 11 அங்குலம், அங்குலத்துக்கு 6 வரி, ஆகப் பக்கத்துக்கு 66 வரி. மேலே 3 வரியும் கீழே 8 வரியும் ஓரத்துக்குப் போனால் எஞ்சுவது 55. இந்தியாவில் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்குப் பரவலாகக் கிடைத்த தொடர்தாளின் நீளம் 12 அங்குலம். அதற்கு 72 வரி, எஞ்சுவது 61. ஏ4 தாளானால் 70 வரி. இந்த எண்ணைக் கோப்பின் தலைப்பில் ‘.பிஎல் 72’ என்று புள்ளிக் கட்டளையாகவும் எழுதலாம்; ஒரேயடியாக டபிள்யூஎஸ்சேஞ்சில் மாற்றியும் வைக்கலாம். ஒவ்வோர் இயலுக்கும் கட்டளை எழுதச் சலித்தவர்கள் இரண்டாவது வழியைத்தான் நாடினார்கள். வேர்ட்ஸ்டார் தானாக இடும் பக்க முறிவைக் கோப்பில் பதிவதில்லை; திறக்கும்போதும் அச்சிடும்போதும் அமைவைப் பார்த்துக் கணக்கிடுகிறது. எனவே 12 அங்குலத் தாளில் 300 பக்கம் ஓடிய ஆய்வேட்டைப் புதிதாக நிறுவிய வேர்ட்ஸ்டாரில் திறந்தால் அது ஏறத்தாழ 333 பக்கமாக நீளும். பொருளடக்கம், சொல்லடைவு, பிறர் தம் நூல்களில் காட்டிய மேற்கோள் பக்கங்கள் எதுவும் பொருந்தாது. மென்பொருளை நன்கறிந்த கை எத்தனை நேர்த்தியாக அமைவைச் செய்திருந்ததோ, அத்தனை குறைவான தடயமே கோப்பில் எஞ்சியிருக்கிறது என்பதுதான் இதிலுள்ள முரண்.

பக்க எண்ணாவது அச்சுப்படியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடியது. அதைவிடக் கடினமானது பயனர் வரையறுத்த அச்சுக் குறிகளின் நிலை. கன்ட்ரோல்-பி அழுத்தி அடுத்துக் கியூ, டபிள்யூ, இ, ஆர் ஆகிய நான்கு எழுத்துகளில் ஒன்றைத் தட்டினால் கோப்பில் ஒரே ஒரு பைட் பதியும். இ என்றால் 5. ஆர் என்றால் 18. அந்தப் பைட் அச்சுப்பொறிக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பயனரே அமைவில் எழுதிவைக்க வேண்டும். எப்சன் அச்சுப்பொறி வைத்திருந்தவர் அதற்கு 27, 52 என்று கொடுத்தால் சாய்வெழுத்து தொடங்கும். வேறொருவர் அதே குறியைத் தாமே வடிவமைத்து அச்சுப்பொறியின் நினைவகத்தில் ஏற்றிய எழுத்துருவுக்கு மாறப் பயன்படுத்தியிருக்கலாம். சமஸ்கிருதம், பாரசீகம், இடைக்கால வரலாறு ஆகிய துறைகளில் ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு நெடில் கோடும் கீழ்ப்புள்ளியும் இன்றியமையாதவை. அவற்றை அச்சில் கொண்டுவர இத்தகைய உபாயங்களே அன்று கிடைத்தன. பிந்தைய பதிப்புகளில் இந்த வரையறையைக் கோப்புக்குள்ளேயே எழுத வழியிருந்தது, எழுதியவர்கள் பிழைத்தார்கள். எழுதாதவர்களின் கோப்பில் இன்று தெரிவது 5 என்ற மௌனமான எண் மட்டுமே. ஒரு மாற்றி நிரல் அதைப் பொருளற்ற கட்டுப்பாட்டுக் குறி என்று கருதி நீக்கிவிட்டால், மூலத்தில் கீழ்ப்புள்ளியோடு இருந்த எழுத்தும் இல்லாத எழுத்தும் ஒன்றாகிவிடும். ஒலியியல் ஆய்வேட்டில் இது வெறும் அழகுக் குறையாக இராது.

மூன்றாவது சிக்கல் இந்திய மொழிகளுக்கே உரியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேர்கொண்டு, புனே சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டையைக் கணினியில் பொருத்தினால், டாஸில் இயங்கிய ஆங்கில மென்பொருள்களிலேயே இந்திய எழுத்துகளை உள்ளிட முடிந்தது. அதன் அடிப்படையாக இருந்த இஸ்கி குறிமுறை 1991இல் ஐ.எஸ். 13194 என்ற இந்தியத் தரமாயிற்று. எட்டு பிட் குறிமுறையான அதில் இந்திய எழுத்துகள் 128க்கு மேற்பட்ட இடங்களில் அமர்ந்திருக்கும். வேர்ட்ஸ்டாரின் பழைய பதிப்புகளோ ஆவண முறையில் அதே எட்டாம் பிட்டைத் தம் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தன: சொல்லின் கடைசி எழுத்தைக் குறிக்கவும், தானாக மடிந்த வரியைக் குறிக்கவும். ஒரே பிட்டுக்கு இரண்டு உரிமையாளர்கள்.

வேர்ட்ஸ்டார் கோப்பை வெற்று உரையாக்கும் நிரல்களில் பல, ஒவ்வொரு பைட்டிலும் எட்டாம் பிட்டை நீக்குவதையே முதல் வேலையாகக் கொண்டவை. ஆங்கில உரைக்கு அது சரி. இஸ்கி உரையில் ‘கமல’ என்ற இந்திச் சொல்லின் குறிகள் 179, 204, 209. 128ஐக் கழித்தால் 51, 76, 81. அதாவது 3 என்ற இலக்கமும் ‘எல்’, ‘கியூ’ என்ற ஆங்கில எழுத்துகளும். எல்லாப் பைட்டிலும் ஒரே வகையாக நீக்கியிருந்தால் மீட்கலாம் என்று தோன்றும். உரையில் ஆங்கிலச் சொற்களும் மெய்யான எண்களும் கலந்திருந்தால் எந்த 3 ‘க’, எந்த 3 மூன்று என்பதை இயந்திரம் அறியாது. கோப்பு ஆவண முறையில் எழுதப்பட்டதா, வெற்று உரை முறையில் எழுதப்பட்டதா, எந்தப் பதிப்பில் என்பது தெரிந்தால்தான் முதல் அடியையே எடுத்துவைக்க முடியும். கோப்பைத் திறக்கும்போது எந்த முறை முதலில் வர வேண்டும் என்பதும் அமைவில் ஒரு தேர்வுதான்.

அச்சுப்படி நூலகத்தில் இருக்க, இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பழைய ஆய்வேடுகள் வருடப்பட்டு, காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையத்தின் ஷோத்கங்கா களஞ்சியத்தில் ஏறியும் வருகின்றன. ஆனால் அவை பக்கங்களின் படங்கள். ஒன்பது ஊசி அச்சுப்பொறியில், மை வற்றிய நாடாவில் அடித்த தேவநாகரியையோ வங்காளத்தையோ எழுத்துணரி எப்படிப் படிக்கிறது என்பது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கள ஆய்வில் திரட்டிய சொற்பட்டியலும் நேர்காணலின் எழுத்து வடிவமும் அடங்கிய பின்னிணைப்புகளைத் தேடக்கூடிய உரையாக மீட்க, எழுதியவரின் நெகிழ்வட்டைவிடச் சிறந்த மூலம் இல்லை. காந்தப் பூச்சு உதிரும் அந்த வட்டுகளுக்குக் காலமும் அதிகமில்லை.

யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் போதும் என்ற வாதமும் இதனாலேயே அரைகுறையானது. மாற்றுவதற்கே அமைவு தேவைப்படுகிறது. நிரல் கோப்பைச் சேமித்தால் உரிமச் சிக்கல் வரும் என்று நூலகங்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆயினும் டபிள்யூஎஸ்சேஞ்சில் தெரியும் மதிப்புகளைக் குறித்துக்கொள்வதற்கு நிரலைப் பொதுவில் வைக்க வேண்டியதில்லை. ஒரு துறையில் இன்னும் இயங்கும் பழைய வன்தட்டு ஒன்று இருந்தாலும், முதலில் படியெடுக்க வேண்டியது அதிலுள்ள வேர்ட்ஸ்டார் கோப்பகம் முழுவதையும்தான். உரைகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதை அழிக்கும் வழக்கம் நிற்க வேண்டும். வன்தட்டே இல்லாத இடத்தில் அச்சுப்படி உதவும்: பத்துப் பதினைந்து பக்கங்களின் கடைசி வரிகளைக் கோப்பில் தேடி இடையிலுள்ள வரிகளை எண்ணினால் தாளின் நீளம் தெரிந்துவிடும், அச்சில் சாய்ந்திருக்கும் சொல்லுக்கு முன்னால் கோப்பில் எந்தப் பைட் இருக்கிறது என்று பார்த்தால் அந்தக் குறியின் பொருள் தெரியும். முதுகலை மாணவர் ஒருவருக்கு ஒரு பருவத்துக்கான நல்ல பயிற்சி அது.

இன்னொரு மூலமும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அந்த அமைவுகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள் அல்லர். கணினி ஆய்வக உதவியாளர்களும், பல்கலைக்கழக வாசலில் ஆய்வேடு தட்டச்சு செய்து கொடுத்தவர்களும்தான். நன்றியுரையின் கடைசி வரியில் சில சமயம் அவர்கள் பெயர் இருக்கும். இன்று பலர் ஓய்வுபெற்றிருப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை மிகச் சில: எந்தத் தாள், எந்த அச்சுப்பொறி, எந்தப் பதிப்பு, கன்ட்ரோல்-பி-இ எதற்காக?