ஆம்ப்ளிபையருக்கு முன் ஒரு கணக்கு

கேட்டறிதலின் பெருமையைச் சொல்ல வள்ளுவர் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். குறளில் அது 42ஆவது. அந்தக் கேள்விக்கு உதவும் கருவியை வாங்கும்போதோ, நாம் சிந்திக்கும் பொறுப்பைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். கண்ணமங்கலத்திலும் ஆரணியிலும் நல்ல இசை கேட்க விழையும் இளைஞரின் வினா பெரும்பாலும் இதுதான்: கையில் 5,000 ரூபாய் இருக்கிறது; ஹெட்போனுக்கு எவ்வளவு, ஆம்ப்ளிபையருக்கு எவ்வளவு? பாதிக்குப் பாதி என்பது எளிதில் கிடைக்கும் விடை. முழுத் தொகையையும் ஹெட்போனுக்கே இட வேண்டும், ஆம்ப்ளிபையர் கணக்கில் தேறினால் மட்டுமே பிறகு வாங்க வேண்டும் என்பது நம் துணிபு.

கணக்கு கடினமானதன்று. ஹெட்போனுடன் வரும் குறிப்பில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஓம் அளவில் சொல்லப்படும் மின்மறுப்பு; மற்றொன்று, இவ்வளவு மின்சாரத்துக்கு இத்தனை டெசிபல் ஓசை என்னும் உணர்திறன். 1984இல் அறிமுகமான காஸ் போர்ட்டா ப்ரோ 60 ஓம் உடையது. ஒரு மில்லிவாட்டுக்கு 101 டெசிபல் தருவது. ஒரு வோல்ட் தரும் கைப்பேசியில் செருகினால் ஏறத்தாழ 17 மில்லிவாட் கிடைக்கும். ஓசை 113 டெசிபலைத் தொடும். செவிக்கு அதுவே மிகை. 1997இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600, ஆம்ப்ளிபையர் இன்றி எடுபடாது என்று பெயர் வாங்கியது. 300 ஓம் கொண்ட அதுவும் அதே ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல் தருகிறது. வீட்டில் நிதானமாகக் கேட்பவருக்குச் சராசரி 75 டெசிபல், உச்சத்தில் 95 டெசிபல் போதும். கைப்பேசி அரை வோல்ட்டே தருமாயின் 6 டெசிபல் குறையும், அவ்வளவே.

அப்படியானால் ஆம்ப்ளிபையர் வீண் பொருளா? அன்று. கணக்கில் ஓசை போதாதபோதும், செருகும் கருவியில் இரைச்சல் கேட்கும்போதும், அதன் வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டும்போதும் அது தேவைதான். அப்போதும் பெரும்பணம் வேண்டியதில்லை. 2011இல், தம் இயற்பெயரை வெளியிடாத பொறியாளர் ஒருவர் ஓ2 என்னும் ஆம்ப்ளிபையரின் முழு வடிவமைப்பையும் அளவீடுகளோடு இணையத்தில் வைத்தார். மலிவான சில்லுகளைக் கொண்டே பழுதற்ற ஒலி பெறலாம் என்று அவர் காட்டிய பிறகு, விலையே தரம் என்னும் வாதம் வலுவிழந்தது.

‘ஆம்ப்ளிபையர் மாட்டியதும் பாட்டு உயிர் பெற்றது’ என்போர் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே பாட்டு சற்று உரக்க ஒலித்தாலே நம் செவிக்கு அது மேலானதாகத் தோன்றும். இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்தி, எது எதுவென்று அறியாமல் கேட்டுத் தேர்ந்த பின்னரே அந்தத் தீர்ப்பு செல்லும்.

நம் வட்டாரத்துக்கென்று வேறொரு கவலையும் உண்டு. ஆரணிப் பட்டு நெய்யும் வீடுகளில் தறி இருக்கும் இடமே குடும்பம் புழங்கும் இடம். முன்பு சொன்ன போர்ட்டா ப்ரோ, எச்.டி. 600 இரண்டும் திறந்த வகை. புறவோசை தடையின்றி உள்ளே வரும். கூடத்தில் தறி ஓட, உள்ளறையில் பாட்டுக் கேட்கும் பிள்ளை என்ன செய்வான்? தறியோசையை வெல்ல ஒலியைக் கூட்டுவான். ஆம்ப்ளிபையர் இருந்தால் இன்னும் கூட்டுவான். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலுக்கு வாரம் 40 மணி நேரம் என்று வரம்பு வகுத்திருக்கிறது. 90 டெசிபலுக்கோ வாரம் 4 மணி நேரமே. இழந்த செவித்திறன் திரும்புவதில்லை. அந்த வீட்டுக்கு ஏற்றது, காதை முழுதும் மூடும் வகை. 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கும் சோனி எம்.டி.ஆர்.-7506 அவ்வகைக்கு எடுத்துக்காட்டு. புறவோசையை ஓரளவு தடுத்தாலே, குறைந்த ஒலியில் பாட்டுத் தெளியும்.

இறுதியாக, எதைக் கேட்கப்போகிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சமே இடம். ஒலியும் ஒற்றைத் தடம். தட்டில் பதியாததை எந்த ஆம்ப்ளிபையரும் கொண்டுவராது. ஆனால் பதிந்ததைக் கெடுக்க, கீழ்த்தாயியை மிகைப்படுத்தும் ஒரு ஹெட்போன் போதும். மிருதங்கத்தின் தொப்பி வீங்கிப் பாடகரின் சொல்லை விழுங்கிவிடும். எனவே வாங்குமுன் நன்கு பழகிய ஒரு பாட்டைக் கடையிலேயே போட்டுக் கேளுங்கள். சொல் ஒவ்வொன்றும் தெளிவாக வந்து விழுகிறதா, அரைமணி அணிந்தும் காது நோகாதிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் தேறினால் காசைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பலாம். ஆம்ப்ளிபையர் கடையிலேயே இருக்கட்டும்.