நிறுத்தியது கம்பனி, நின்றது இயந்திரமா?

மாத்தளை திருகோணமலை வீதிப் பக்கம் கல்யாண அல்பம் செய்யும் யாரிடமாவது, அப்பிளின் பழைய மெக் புரோ கணினி ஒன்று வாங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். "அதைத்தான் அப்பிளே நிறுத்திட்டானே, இனி அது இரும்புக் கடைக்குத்தான்" என்பார்கள். கணினி படித்தவர்களும் இதையே சொல்வதுதான் எரிச்சல்.

ஒரு மாடலை நிறுத்துவது விற்பவனின் கணக்கு. இயந்திரத்தின் ஆயுளைச் சொல்வது அதன் உள்ளமைப்பு.

2010, 2012ஆம் ஆண்டு மெக் புரோக்களைப் பாருங்கள். பின்புறப் பிடியைத் தூக்கினால் பக்கக் கதவு கையோடு வந்துவிடும். புரொசசரும் ரேமும் ஒரே தட்டில் இருக்கின்றன, இழுத்தால் வெளியே வரும். ஹார்ட் டிஸ்க் நான்கையும் வயர் இல்லாமலே செருகலாம். கார்ட் போட நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் இடங்கள். 2013இல் இதன் விற்பனை முடிந்தது. ஆனால் 2018இல் மொஹாவி இயங்குதளம் வந்தபோது, மெட்டல் என்ற அப்பிளின் கிராபிக்ஸ் நுட்பத்துக்கு ஏற்ற கார்ட் இருந்தால் இவற்றிலும் போடலாம் என்று அப்பிளே சொன்னது.

அடுத்து வந்த மெக் புரோ ஒரு கறுப்பு உருளை. 2013 டிசம்பர். அழகுக்குக் குறைவில்லை. நடுவில் முக்கோண வெப்பத் தூண், மேலே ஒரேயொரு மின்விசிறி, தூணைச் சுற்றிப் புரொசசரும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும். அந்தக் கார்டுகள் அந்த உடம்புக்கென்றே வெட்டியவை. கடையில் வாங்கும் கார்ட் பொருந்தாது. சூடு கூடிய பெரிய கார்ட் ஒன்றை அந்தத் தூண் தாங்கவும் தாங்காது. வெப்ப விடயத்தில் தங்களைத் தாங்களே மூலையில் மாட்டிக்கொண்டதாக 2017 ஏப்ரலில் அப்பிள் அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். அப்படியும் 2019 வரை விற்றார்கள்! நிறுத்திய பழைய பெட்டி புதுக் கார்டோடு ஓடிக்கொண்டிருக்க, விற்பனையில் இருந்த உருளை கடையிலேயே கிழண்டிப் போனது. 2019இல் அப்பிள் மீண்டும் பெட்டிக்கே வந்தது, இம்முறை எட்டு பிசிஐ இடங்களோடு.

திரையும் கணினியும் ஒன்றான, 4,999 டொலரில் தொடங்கிய ஐமெக் புரோவை 2021இல் நிறுத்தினார்கள். அதில் ரேம் மாற்றத் திரையின் பசையை அறுக்க வேண்டும். அதை வேண்டாம் என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. காரணம் பசைதான், நிறுத்திய திகதி அல்ல.

பழைய இயந்திரத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை, மின்சாரமும் கூடக் குடிக்கும். வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள். ஆனால் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் பஞ்சரதத் தேர் வீடியோவை வெட்டி ஒட்ட இணையம் எதற்கு? 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதை மறந்துவிட்டுப் புதிதுதான் வேண்டும் என்று கடன் எடுப்பது புத்திசாலித்தனமா?

இனி வாங்கப் போகும்போது எந்த வருட மாடல் என்று மட்டும் கேட்காதீர்கள். கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரேமையும் டிஸ்க்கையும் உங்கள் முன்னால் கழற்றி மாட்டட்டும். மறுத்தால் காசைக் கொடுக்காதீர்கள்.