இரட்டைப் பகா எண்களும் டெஸ்ட் செக்கும்

"அதான் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிடுச்சே, அப்புறம் எதுக்கு நிரூபணம்?" இரட்டைப் பகா எண்கள் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்களே அடிக்கும் ஜல்லி இது.

விஷயம் ரொம்ப எளிது. 3, 5, 11, 13, 17, 19 என்று இரண்டே எண் வித்தியாசத்தில் வரும் பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா, எங்காவது நின்றுபோகுமா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. 100க்குள் எட்டு ஜோடிகள். 900க்கும் 1000க்கும் நடுவில் ஒன்றுகூடக் கிடையாது. அப்புறம் 1019, 1021 என்று மறுபடி தலைகாட்டும். மேல்மலையனூர் அமாவாசை அடுத்த வருஷம் என்றைக்கு என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவிடலாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஸ்பெஷல் பஸ்கூட விட்டுவிடலாம். இந்த ஜோடிகளுக்குப் பஞ்சாங்கம் எழுதத்தான் ஆளில்லை.

கோடிக்கணக்கில் சரிபார்த்தாச்சு என்பதெல்லாம் ஆடிட்டருக்குப் போதும். கொஞ்சம் வவுச்சர்களைப் புரட்டி டெஸ்ட் செக் செய்வதற்கு பி.காம். பாடத்திலேயே இடமுண்டு. எண்களிடம் அந்தப் பாச்சா பலிக்காது.

நம்பாதவர்களுக்காக ஒரு கதை. குற்றாலம் பக்கத்து வல்லத்தில் 1901ல் பிறந்த எஸ்.எஸ்.பிள்ளை, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1940ல் அவர் ஆராய்ந்த கேள்வி இது: அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை எடுத்தால், மற்ற எதனோடும் (1 தவிர) பொது வகுத்தி இல்லாத எண் ஒன்றாவது அதில் இருக்குமா? இரண்டு எண்கள் எடுத்தால் இருக்கும். மூன்று எடுத்தாலும் இருக்கும். 16 வரை, எங்கே ஆரம்பித்தாலும் இருக்கும். 17 எடுத்தால்? 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள், ஒன்றுகூடத் தேறாது! டெஸ்ட் செக் பார்ட்டி 16லேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும்.

(பிள்ளை 1950ல் அமெரிக்கா போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது தனி வயிற்றெரிச்சல்.)

2013ல் யீடாங் ஜாங் ஒன்றை நிரூபித்தார். 7 கோடிக்கும் குறைவான இடைவெளியில் பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று. இரண்டு எங்கே, 7 கோடி எங்கே என்று சிரிப்பு வரலாம். ஆனால் "முடிவில்லாமல்" என்ற அந்த ஒரு வார்த்தையை எந்தக் கம்ப்யூட்டரும் எத்தனை வருஷம் எண்ணினாலும் சொல்ல முடியாது. எண்ணி முடித்தால்தானே சொல்வதற்கு! ஜேம்ஸ் மேனார்டும் இன்னும் பலரும் சேர்ந்து 2014லேயே அந்த 7 கோடியை 246 ஆக்கிவிட்டார்கள். 246ஐ 2 ஆக்கும் வேலை இன்னும் பாக்கி.