‘இல்லை’ என்று சொல்லுமுன்

நூல் நிலையத்திற்குச் செல்கிறோம். ஒரு நூலைக் கேட்கிறோம். பணியாளர் ஓர் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “இல்லை” என்கிறார். திரும்பிவிடுகிறோம். மறுநாள் அதே நூல் நண்பன் கையில் இருக்கிறது. பக்கத்து அலமாரியில் கிடைத்ததாம்! பணியாளர் பொய் சொல்லவில்லை. “நான் பார்த்த இடத்தில் இல்லை” என்று சொல்ல வேண்டியதை “இல்லை” என்று சுருக்கிவிட்டார். அந்தச் சுருக்கத்தில் ஒரு நூலே மறைந்து போயிற்று.

இன்று அந்தப் பணியாளரின் நாற்காலியில் ‘ஏஜெண்டு’ என்று அழைக்கப்படும் செயற்கை அறிவு நிரல்களை அமர்த்தி வருகிறோம். அவை தேடும் பெருங்கிடங்குகளுள் ஒன்று விக்கித்தரவு. 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அக்கிடங்கு, இன்று 10 கோடிக்கு மேற்பட்ட பொருள்களைப் பற்றிய செய்திகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிறது. பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சென்னைக்கு ‘கியூ 1352’. அங்கே வினவுவதற்குரிய மொழி ஸ்பார்க்கில்; 2008இல் வலைத்தரமாக ஏற்கப்பெற்றது. 2024 நவம்பரில் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொது நெறிமுறை வெளிவந்தது. அதன்பின், இத்தகைய கிடங்குகளை ஏஜெண்டுகளின் கைக்கெட்டச் செய்யும் கருவிகளை விடுதி அறையில் அமர்ந்தே நம் மாணவர் எழுதிவிட முடிகிறது. மகிழ்ச்சி!

ஆனால், கருவி எழுதிய கை, அதற்கு விளக்கம் எழுதுகிறதா? “இக்கருவி ஸ்பார்க்கில் வினாவை அனுப்பி விடையைப் பெற்றுத் தரும்” என்று ஒரு வரி. அத்துடன் கடமை முடிந்தது! அது முடியவில்லை என்பதே என் துணிபு.

“ஸ்பார்க்கில் இலக்கணம் ஏஜெண்டுக்கு நன்றாகத் தெரியுமே, விளக்கம் எதற்கு?” என்று கேட்கலாம். இலக்கணம் தெரியும், அந்த வீட்டு வழக்கம் தெரிய வேண்டாமா?

‘சென்னை’ என்ற பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் ஒன்றும் வராது. அது தமிழ்ப் பெயர் என்னும் மொழிக்குறியையும் சேர்த்தல் வேண்டும். ‘நகரம்’ என்னும் வகையை மட்டும் நேராகக் கேட்டால், அதன் உள்வகைகளில் மட்டுமே பதிவான ஊர்கள் விடுபட்டுப் போகும். 2025ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரைகள் பற்றிய பதிவுகளைத் தனி வினாக் கிடங்காகப் பிரித்துவிட்டார்கள். பழைய நினைவில் முதற்கிடங்கிலேயே அவற்றைத் தேடுவோருக்கு வெற்றுத் தாளே கிட்டும். பொருளின் எண்ணை நினைவிலிருந்து எழுதும்போது ஓர் இலக்கம் பிசகினால், வேறொரு பொருளின் செய்தி நம் கைக்கு வரும்.

இவற்றுள் எதற்கும் கருவி “பிழை” என்று கூவாது. இதுதான் ஆபத்து! 60 வினாடிக்கு மேல் நீளும் வினாவைக் கிடங்கு நிறுத்திவிட்டுப் பிழை என்று அறிவிக்கிறது; அது நாணயமான தோல்வி. வெற்றுத் தாளோ வெற்றி போலவே வந்து சேர்கிறது. மனிதன் தலையைச் சொறிவான், நண்பனைக் கேட்பான், மீண்டும் முயல்வான். ஏஜெண்டு அந்த வெற்றுத் தாளை அழகான வாக்கியமாக்கி, “அப்படி ஒருவர் இல்லை” என்று சொல்லிவிடக் கூடும்.

யார் மறைவார்கள்? பல மொழிகளில் பெயர் பெற்றவர் மறையார். தமிழ்ப் பெயர் மட்டுமே பதிவான ஒருவரை ஆங்கிலக் குறியோடு தேடினால் அவர் கண்ணில் படமாட்டார். ஊர்விட்டு ஊர் வந்து, நம் மொழியை நாமே பேணிக்கொள்ளும் நமக்கு இதன் கனம் தெரியாதா?

ஆகவே விளக்கத்தில் சில செய்திகள் இருந்தே தீரவேண்டும். கிடங்கில் எது உண்டு, எது இல்லை, எண்ணை நினைவிலிருந்து எழுதாமல் முதலில் தேடிப் பெறுக, மொழிக்குறியை மறவாதே, ஓட்டிப் பார்த்து விடை வந்த இரண்டு மூன்று மாதிரி வினாக்கள், ஓட்டிய நாளோடு. எல்லாவற்றிற்கும் மேலாக, விடை வெறுமையாக வந்தால் அதன் பொருள் “பதிவு அகப்படவில்லை” என்பதே, “உலகில் இல்லை” என்பதன்று. மொழியையும் வகையையும் மாற்றி மறுபடி தேடு என்னும் அறிவுரை.

“நீண்ட விளக்கம் ஏஜெண்டின் நினைவை அடைத்துவிடாதோ?” என்பது நியாயமான ஐயம். நீளமாக எழுதச் சொல்லவில்லை. தேவையானதை எழுதச் சொல்கிறேன். மேற்சொன்ன யாவும் ஒரு பக்கத்தில் அடங்கும்.

“விளக்கம் எழுதுவது புகழில்லாத வேலை” என்பார் சிலர். தமிழ் மாணவர் அப்படிச் சொல்லலாமா? குறளை இயற்றியவர் வள்ளுவர். ஆயினும் பரிமேலழகரை மறந்தோமா? நூலுக்கும் கற்பவனுக்கும் நடுவே விளக்கேற்றி வைத்தவர்களை உரையாசிரியர் என்று போற்றிய மரபு நம்முடையது. இன்று கற்பவன் இடத்தில் ஒரு பொறி அமர்ந்திருக்கிறது. அதன் விடையை நம்பி அதற்குப் பின்னால் ஒரு மனிதன் காத்திருக்கிறான்.

நண்பர்களே! கருவிக்கு ஒரு மாதம் உழைத்தீர்களா? விளக்கத்திற்கு ஒரு மாலைப்பொழுதாவது ஒதுக்குங்கள். ‘இல்லை’ என்பது சிறிய சொல்தான். தேடி முடித்தவனுக்கே அதைச் சொல்லும் உரிமை உண்டு.