எடிட்டர் இருக்கப் பக்கங்கள் எதற்கு என்போர்க்கு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலும், அத்திப்பள்ளிக்கு அப்பால் எலக்ட்ரானிக் சிட்டியிலும் நிரல் எழுதி வாழும் இளைஞரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஒரு பெயர் எங்கெங்கே ஆளப்படுகிறதென்று கணத்தில் தேடித் தரும் எடிட்டர் ஒவ்வொரு மேஜையிலும் இருக்கையில், மூலநிரலுக்குக் குறுக்குக் குறிப்புப் பக்கங்களைத் தனியே உண்டாக்கி வைப்பது வீண் வேலை என்பதே அது. இவ்வெண்ணம் பிழையானது, இவ்வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு அநர்த்தம் விளைவிப்பதும் ஆகும்.

எடிட்டர் காட்டுவது, அதனை ஆள்பவர் இன்று திறந்து வைத்திருக்கும் நிரலை. உற்பத்திக் கூடத்தில் ஓடிக்கொண்டிருப்பதோ என்றோ கட்டி அனுப்பிய பதிப்பு. இரவு ஷிப்டில் லேபிள் அச்சிடும் மென்பொருள் நின்றுபோய், பிழைப்பதிவில் ஒரு கிளாஸின் பெயரும் 148 என்ற வரியெண்ணும் மட்டும் கிடைக்கும்போது, இன்றைய நிரலின் 148-ஆம் வரியில் வேறேதோ இருக்கும். அதை எழுதியவரைக் கேட்கலாமென்றால், அவர் எல்லை தாண்டி வேறு வேலைக்குப் போயிருப்பார். அவ்விரவில் பிழையைப் பார்க்க வரும் ஆலைப் பராமரிப்பாளரிடமோ எடிட்டரும் இல்லை, நிரல் களஞ்சியத்தைத் திறக்கும் அனுமதியும் இல்லை. பிரவுசர் ஒன்றே உண்டு.

அவருக்கு உதவுபவை, ஜாவா நிரலைக் கட்டும் அப்பாச்சி மேவன் கருவியின் ஜே.எக்ஸ்.ஆர். பிளகின் உண்டாக்கும் குறுக்குக் குறிப்புப் பக்கங்களே. பி.ஓ.எம். கோப்பின் 'ரிப்போர்ட்டிங்' பகுதியில் அப்பிளகினின் பெயரைச் சில வரிகளில் சேர்த்து, தளத்தை உருவாக்கும் கட்டளையை இட்டால், ஜாவாக் கோப்பு ஒவ்வொன்றும் வரியெண்ணிட்ட பக்கமாகிறது. சோதனை நிரலுக்கும் தனியே பக்கங்கள் உண்டாகின்றன. நிரலில் வரும் கிளாஸ் பெயரைச் சொடுக்கினால் அதன் பக்கம் திறக்கும். வரியெண் ஒவ்வொன்றும் ஒரு முகவரியாதலால், குறிப்பிட்ட வரியையே சகஊழியருக்குச் சுட்டி அனுப்பலாம். பி.எம்.டி., செக்ஸ்டைல் முதலிய பரிசோதனை அறிக்கைகள் குறைகூறும் வரியெண்களும் இப்பக்கங்களோடு இணைகின்றன. இவை இல்லையேல் அவ்வெண்கள் வெறும் எண்களே.

ஒரு மெத்தட் எங்கெங்கே அழைக்கப்படுகிறதென்று காட்டும் நுட்பம் இதற்கு இல்லை, அது எடிட்டருக்கே உரியது என்பர், மெய்தான். ஆயினும் இரண்டின் பிரயோஜனமும் வேறு. உ.வே.சாமிநாதையர் 1937-இல் குறுந்தொகையைப் பதிப்பித்தபோது அரும்பத அகராதியையும் உடன் சேர்த்தார். பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடமாயிருந்திருக்கலாம். அகராதியோ அந்நூலைக் கையிலெடுக்கும் அந்நியருக்காக, அப்பதிப்புக்கென்றே அமைந்தது. நிரலை எழுதியவர் தம் வசதியையே அளவுகோலாகக் கொண்டு இப்பக்கங்களைத் தள்ளுவது, தமக்குப்பின் வருபவரை மறந்த செயல்.

இரகசியம் வெளிப்படும் என்ற ஆட்சேபமும் எழுவதுண்டு. இப்பக்கங்களை யாரும் இணையத்தில் இடச் சொல்லவில்லை. ஆலையின் உள்வலையில், வெளியிட்ட ஜார் கோப்பின் அருகே, அதே பதிப்பெண்ணின் கீழ், பராமரிப்பாளருக்கு வாசிக்க மட்டும் உரிமை கொடுத்து வைத்தால் போதும். பதிப்பு வெளியிடும் ஒவ்வொரு முறையும் பில்ட் சர்வரே அதைச் செய்துவிடும்.